துப்புக் கெட்டவள்

கன்னத்துக்கும் காதுக்கும் நடுவே, தாடை முடிகிற இடத்தில், ஒரு வீக்கம் எழுந்தால் எங்கள் ஊரில் அதற்கு உடனே ஒரு பெயர் கிடைத்துவிடும்: பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்பது நம்பிக்கை. பொன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சங்கிலி இரவல் வரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். மலையாளத்தில் இதை முண்டிநீர் என்பார்கள். எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் போனால் அந்தப் பெயரும் காதில் விழும்.

பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸால் வருவது. 1963இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்லிமன் என்ற விஞ்ஞானி, வீக்கத்தோடு படுத்திருந்த தன் 5 வயது மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து துடைத்தெடுத்த வைரஸை வைத்தே இதற்கான தடுப்பூசியை உருவாக்கினார். அந்த வைரஸ் வகைக்கு இன்றும் அந்தச் சிறுமியின் பெயர்தான். நம் நாட்டில் 2017இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது பொன்னுக்கு வீங்கி அதில் சேரவில்லை. ஆகவே நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கூடங்களில் வரிசையாகக் கன்னம் வீங்கிய பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம். ஆண்பிள்ளைக்கு வந்தால் வீடு பதறும். நோய் விதைக்கு இறங்கிவிட்டால் வம்சம் அற்றுப்போகும் என்ற பயம். உண்மையில் அப்படி முழு மலடாகிப்போவது அரிது. பெண்பிள்ளைக்கு வந்தால், நாலு நாள் கஞ்சி குடித்தால் சரியாகிவிடும்.

இருந்தாலும் அந்தப் பெயருக்கு ஒரு கருணை உண்டு. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையை யாரும் சந்தேகிப்பதில்லை. வலிக்கிறது என்றால் வலிக்கிறது. ஊர் போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: வாழ்நாளில் ஒருதரம்தான் வரவேண்டும்.

எனக்கு முதல்முறை வந்தபோது வயது 34. அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். ஐந்தாம் நாள் வடிந்தது. ஐந்து மாதம் கழித்து மறுபடி வந்தது, இந்தமுறை வலப்பக்கம். “ஒருதரம்தானே மக்ளே வரும்?” என்றாள் அம்மா. அதில் சந்தேகம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு குழப்பம் மற்றவர்கள் வாயில் வேறு நிறம் கொண்டது.

நோயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்குக் கீழே ஒன்று. இவை தவிர உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நூற்றுக்கணக்கில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. காதுச் சுரப்பியின் குழாய் மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வாய்க்குள் திறக்கிறது. நாக்கால் தடவினால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அந்தக் குழாயில் நீர் தேங்கினாலோ, சுரப்பியையே உடம்பின் காவல்படை அன்னியன் என்று எண்ணித் தாக்கினாலோ வீங்கும். புளிப்பைக் கண்டதும் சுரப்பி வேலைக்குக் கிளம்பும். வழி அடைபட்டிருப்பதால் உள்ளேயே முட்டும். புளிச்சிக்காய் போட்ட மீன்குழம்பு கொதிக்கும் வாசனை போதும், எனக்குக் காதோரம் ஊசி இறங்கும். மற்றவர்களுக்கு நாவூறுகிற இடத்தில் எனக்கு வலி ஊறுகிறது.

வீக்கமில்லாத நாட்களில் வறட்சி. அவியலில் உப்புப் பார்க்க ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கினால் நாக்கு ஒன்றும் சொல்லாது. உமிழ்நீரில் கரைந்தால்தான் ருசி நாக்குக்கு எட்டும். நாஞ்சில் நாட்டு வீட்டில் உப்புப் பார்க்கத் தெரியாத மருமகள் என்றால் அது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். வகுப்பில் 20 நிமிடம் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கவிதை வாசிக்கப் போனால் மேடையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பேன். ‘பயமா?’ என்று கேட்டவர்கள் உண்டு.

இந்த நோயின் மோசமான குணம் வலி என்று நான் நினைக்கவில்லை. அது வந்து வந்து போவதுதான். வெள்ளிக்கிழமை வீங்கும். மருத்துவரைப் பார்க்கத் தேதி கிடைப்பது புதன்கிழமை. செவ்வாய் இரவு வடிந்துவிடும். புதன்கிழமை நான் எதிரே உட்காரும்போது என் முகம் என் பேச்சுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். “இப்ப ஒண்ணும் தெரியலையே” என்பார் மருத்துவர். நாகர்கோவிலில் மூன்று பேர், திருநெல்வேலியில் ஒருவர். ஒருவர் பல்லைப் பார்க்கச் சொன்னார். ஒருவர் தைராய்டு பார்த்தார். ஒருவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் எதையும் பார்க்காமலே, “பேராசிரியர் வேலை, வீடு, குழந்தைகள், டென்ஷன் இருக்கத்தான் செய்யும்” என்று தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். அதன்பிறகு வீங்கும்போதெல்லாம் கைப்பேசியில் முகத்தைப் படமெடுக்க ஆரம்பித்தேன். தேதியோடு, இரு பக்கமும், காவல்நிலையத்தில் எடுப்பார்களே அதுபோல. ஆறு வருடத்தில் 200 படங்களுக்கு மேல் சேர்ந்தன.

வீட்டில் அத்தை ஒன்றைக் கவனித்திருந்தார். “விசேஷம்னா கரெக்டா வீங்கிருதே” என்றார் ஒருநாள், பக்கத்தில் இருந்தவர்களிடம், எனக்குக் கேட்கும்படி. அவருடைய கவனிப்பு முற்றிலும் சரி. விசேஷ நாளில் விடியற்காலம் முதல் மதியம்வரை அடுப்படியில் நிற்கிறோம். தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. பிறகு இலை போட்டால் புளியும் மாங்காயும் நார்த்தங்காயுமாக உணவு. வறண்ட சுரப்பியை ஒரேயடியாக வேலைக்கு எழுப்பினால் அது வீங்கத்தான் செய்யும். அத்தையின் தரவு சரியாக இருந்தது, அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் வேறு. வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்ற கதை அங்கே ஏற்கெனவே காத்திருந்தது. தரவு போய் அதில் உட்கார்ந்துகொண்டது. இந்த ஒரு சின்ன விஷயத்தை யோசித்தபோதுதான் எனக்குக் கேள்வி தெளிவாயிற்று. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்புவதற்கு எவ்வளவு சாட்சியம் வேண்டும்? அந்த அளவை யார் நிர்ணயித்தார்கள்?

தமிழில் மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது: உள்ளத்தில் இருப்பது உடம்பில் வெளிப்படும், பார்ப்பவர் அதை அறிவர். எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் ஒன்று. தன்னை இழிவாக உணர்தல், அருவருப்பு என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். அது பிறக்கும் நான்கு களன்களில் மூப்புக்கு அடுத்தாற்போலப் பிணி நிற்கிறது. முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது இதை மனப்பாடம் செய்தேன். வீங்கிய கன்னத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு பேருந்தில் ஏறிய நாளில்தான், பிணியை அங்கே வைத்தவருக்கு உலகம் தெரியும் என்று தோன்றியது.

ஆனால் உடம்பே உண்மை என்றால், வெளிப்படாததெல்லாம் பொய்யா? என் மாமனாரின் துட்டி வீட்டில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவர் என்மேல் பிரியமாக இருந்தவர். நெஞ்சு அடைத்தது, தொண்டை அடைத்தது, கண் மணல் விழுந்ததுபோல் எரிந்தது, ஒரு சொட்டு வரவில்லை. உமிழ்நீரை வற்றவைக்கும் அதே நோய் கண்ணீரையும் வற்றவைக்கும் என்பது அன்று எனக்கும் தெரியாது, சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதவர்களுக்கும் தெரியாது. அவர்கள் பார்த்தது கண்ணில் ஈரமில்லாத மருமகளை. தமிழில் ஈரம் என்றாலும் இரண்டு பொருள் அல்லவா?

அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு நிகழ்ச்சி வரும். மகள் மெலிகிறாள், பசலை படர்கிறது, வளை கழல்கிறது. தாய் கவலைப்பட்டு வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, இது முருகனால் வந்தது என்கிறான். ஆட்டுக்குட்டி பலியாகிறது. மாணவிகளுக்கு இதை நடத்தும்போது தாயின் அறியாமையையும் தோழியின் சாமர்த்தியத்தையும் பேசுவோம். நான் இப்போது வேறொன்றையும் கேட்கச் சொல்கிறேன். இத்தனை பேர் கூடியிருக்கும் அந்தக் களத்தில் அவளிடம் ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்று வேலன் கேட்டதாக எங்காவது உண்டா? அவள் உடம்பை எல்லோரும் வாசிக்கிறார்கள். வளை ஒரு சாட்சி, நெற்றி ஒரு சாட்சி, தோள் ஒரு சாட்சி. அவள் சொல் மட்டும் சாட்சிப் பட்டியலில் இல்லை. அவளும் மறைக்கிறாள் என்பது உண்மைதான். சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் மறைக்காமல் என்ன செய்வாள்?

என் 40ஆவது வயதில், ஒரு தோழியின் வற்புறுத்தலால், திருவனந்தபுரத்தில் மூட்டுவாத மருத்துவர் ஒருவரிடம் போனேன். பெண், என்னைவிட இளையவர். வாய்க்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றே அன்று எனக்குப் புரியவில்லை. கைப்பேசிப் படங்களைக் காட்டப் போனேன். “அப்புறம் பார்க்கிறேன், நீங்க சொல்லுங்க” என்றார். 25 நிமிடம் சொன்னேன். அதற்குப் பிறகு பரிசோதனைகள். கண்ணிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் உட்காரவைத்தார்கள். 5 மில்லிமீட்டராவது நனைய வேண்டும், எனக்கு அதில் பாதி. பிறகு ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்து, 15 நிமிடம் பேசாமல், எதையும் விழுங்காமல், வாயில் ஊறுவதை எல்லாம் அதில் துப்பச் சொன்னார்கள்.

துப்புவது எனக்குச் சுலபமாக இல்லை. “பொம்பளப் பிள்ள துப்பப்பிடாது” என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆண்கள் ஓடும் பேருந்திலிருந்து துப்புவார்கள், பெண் முற்றத்து மூலைக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு துப்ப வேண்டும். வாயில் இருக்கும்வரை அது நம் உடம்பு. வெளியே வந்த நொடியில் எச்சில். எஞ்சியது என்ற பொருளில் பிறந்த சொல் தீட்டாக மாறியது எப்படி என்று ஒரு முழுப் புத்தகம் எழுதலாம். பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் பூனாவில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், தங்கள் எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டித் திரியவேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவுசெய்திருக்கிறார். அதே எச்சில் கணவனுடையது என்றால் பிரசாதம். அவன் உண்டு எழுந்த இலையில் மனைவி உண்ணும் வழக்கத்தை என் ஆச்சியின் தலைமுறை கேள்வி கேட்கவில்லை. யாருடைய எச்சில், யாருடைய இலை என்பதைப் பொறுத்து ஒரே நீர் தீட்டாகவும் புனிதமாகவும் இருந்திருக்கிறது.

15 நிமிடத்தில் ஒன்றரை மில்லிலிட்டராவது சேர வேண்டும். என் குப்பியின் அடியில் முக்கால் கூட இல்லை, நுரையாக ஏதோ இருந்தது. துப்பு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை, உணவு, பவளம் என்று பல பொருள் உண்டு. போலீஸ்காரர் தேடும் தடயமும் துப்புதான். ஒன்றுக்கும் உதவாத பெண்ணை ஊரில் துப்புக் கெட்டவள் என்பார்கள். உப்புப் பார்க்கத் தெரியாமல் போன ஒருநாளில் எனக்கும் அந்தப் பட்டம் கிடைத்திருந்தது. குப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. தாதி ஏன் என்று கேட்டார். மலையாளத்தில் விளக்கும் அளவுக்கு எனக்குத் தெம்பில்லை.

நோய்க்கு ஷோகிரன் நோய் என்று பெயர். ஹென்ரிக் ஷோகிரன் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களைப் பற்றி 1933இல் ஜெர்மன் மொழியில் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டுவலியும் இருந்தது. மூன்றும் தனித்தனி அல்ல, ஒரே நோய் என்பது அவர் கண்டது. பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணிக்குத் தகுதியாகும் அளவுக்கு அந்த ஆய்வேடு மதிக்கப்படவில்லை. 10 ஆண்டு கழித்து ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பு, 1888இல், யோஹான் மிக்குலிச் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் உமிழ்நீர்ச் சுரப்பியும் கண்ணீர்ச் சுரப்பியும் வீங்கிய 42 வயது விவசாயி ஒருவரைப் பற்றி விவரித்தார். ஓர் ஆண், ஒரு வீக்கம். நோய்க்கு உடனே மிக்குலிச்சின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த ஒப்பீடு முழுக்க நியாயமானதில்லை. மிக்குலிச் அப்போதே புகழ்பெற்றவர், ஷோகிரன் இளைஞர். ஆனால் வேறொரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த விவசாயியின் வீக்கம் யார் பார்த்தாலும் தெரிந்தது. 19 பெண்களும் கொண்டுவந்தது வறட்சி. இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? ஷோகிரன் ஒரு சிவப்புச் சாயத்தைக் கண்ணில் விட்டுப் பார்த்தார், வறண்டு புண்ணான இடமெல்லாம் சாயம் ஏறி நின்றது. ரோஸ் பெங்கால் என்று அதற்குப் பெயர். பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியும்படி ஆனது அந்தச் சாயத்தால்தான். நன்றிதான். ஆனாலும், சாயம் வருவதற்கு முன்னாலும் அவர்கள் உண்மைதானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இந்த நோய் வருபவர்களில் 10 பேரில் 9 பேர் பெண்கள். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ், 2011இல் அமெரிக்க ஓபன் போட்டியிலிருந்து பாதியில் விலகி, தனக்கு இந்த நோய் என்று அறிவித்தார். அவருக்கும் அந்தப் பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அத்தனை வலுவான உடம்பு அசதி என்று சொன்னாலும் அதற்கும் இதே கதிதான்.

1933 என்ற அந்த ஆண்டு எங்கள் ஊருக்கும் ஒரு விதத்தில் சொந்தம். அந்த வருடம்தான் நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். 1838இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட் ஏறச் சென்ற சாமர்வெல் பின்னாளில் இருந்து சிகிச்சை செய்ததும் அங்கேதான். வாயில் புண்ணோடு வந்தவர்களை அவர்கள் எண்ணினார்கள், எழுதினார்கள். அது பெரிய காரியம். நான் யோசிப்பது, புண் வராத வாய்களைப் பற்றி. என் ஆச்சி எந்நேரமும் முறுக்கான் மென்றுகொண்டிருப்பாள், பக்கத்தில் கோளாம்பி. எதற்கு ஆச்சி இப்படி மெல்லுகே என்று கேட்டால், “வாய் காயுதுட்டி, இது இருந்தா கொஞ்சம் ஈரமா இருக்கும்” என்பாள். ராத்திரி மூன்று தரம் எழுந்து தண்ணீர் குடிப்பாள். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். அவளுக்கு என் நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, சொல்லவும் முடியாது. வாய் காய்கிறது என்று அவள் சொன்னதை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அது கிழவியின் பழக்கமாகவே இருந்து, அவளோடு போயிற்று.

சொல்பவர் யார் என்பதை வைத்து ஒருவர் சொல்லுக்கு மதிப்புக் குறைப்பதை அறிவு சார்ந்த அநீதி என்று மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் ஒரு நூலில் விளக்கினார். அதைப் படித்தபோது உடன்பட்டேன், ஒரு தயக்கமும் இருந்தது. மருத்துவரின் வேலையே சந்தேகப்படுவதுதான். நோயாளி சொல்வதை எல்லாம் அப்படியே எழுதிக்கொள்கிற மருத்துவர் ஆபத்தானவர். எனக்குப் பொன்னுக்கு வீங்கி என்று நானே நினைத்தேன்; அவர் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் இன்னும் சங்கிலியோடுதான் திரிந்திருப்பேன். திருவனந்தபுரத்து மருத்துவரும் சந்தேகப்பட்டார். குழாயில் கல்லா, காசநோயா, ஷோகிரனா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். இரத்தப் பரிசோதனை முழுதாகத் தெளிவு தராததால் கீழுதட்டின் உட்புறம் கீறிச் சிறு சுரப்பிகளை எடுத்துப் பார்த்தார். அவர் சந்தேகம் எல்லாம் ‘எதனால்’ என்பதைப் பற்றியது. மற்றவர்களின் சந்தேகம் ‘உண்டா’ என்பதைப் பற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விகளாகத் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியும் எது எதுவென்று. முதலாவது சந்தேகம் என் சொல்லின்மேல் காலூன்றி நின்றால்தான் ஓர் அடி நகர முடியும். இரண்டாவதற்கு என் சொல் தேவையே இல்லை.

இந்த நோய் எனக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரும் நம்பாத அந்த ஆறு வருடங்களில், காலையில் கண்ணாடியில் வீங்கிய கன்னத்தைப் பார்த்தால் முதலில் ஒரு சந்தோஷம் வரும். வலிக்கு முன்னால் சந்தோஷம். இதோ இருக்கிறது, பாருங்கள் என்று. தன் உடம்பு கெடுவதைக் கண்டு ஒரு பெண்ணை மகிழவைக்கிற ஏற்பாட்டைக் கொடூரம் என்றுதான் சொல்வேன். அதில் கத்தியும் இல்லை, கத்தலும் இல்லை என்பதால் அது கொடூரமாகத் தெரிவதில்லை.

பெயர் கிடைத்தபிறகு இந்தக் கணக்கு தலைகீழானது. இந்த நோய்க்காரர்களில் 100க்கு 5 பேர் வரை நிணநீர்ப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு, அதற்கு முக்கியமான அடையாளங்களில் ஒன்று வடியாமல் நின்றுவிடும் வீக்கம். வந்து போகும் வீக்கத்தை யாரும் நம்பவில்லை. எல்லோரையும் நம்பவைக்கும் வீக்கம், நான் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் வீக்கம்.

தினப்படி வாழ்க்கை பெரிய சோகமொன்றும் இல்லை. குணமாக்கும் மருந்து கிடையாது, சமாளிக்க மருந்துகள் உண்டு. கண்ணுக்குச் சொட்டு, வெந்நீர் ஒத்தடம், காதோரத்திலிருந்து முன்னோக்கி மெல்ல நீவிவிடுதல், சர்க்கரை இல்லாத மிட்டாய், ஆறு மாதத்துக்கொரு முறை பல் மருத்துவர். உமிழ்நீர் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஹைட்ராக்சிக்குளோரோகுயின் மாத்திரை தினமும். 2020 மார்ச்சில் அதைக் கொரோனா தடுப்புக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்ததும் ஊரே வாங்கிக் குவித்தது. எனக்கு வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வராத நோய்க்குப் பயந்தவர்களை யாரும் டென்ஷன் என்று சொல்லவில்லை. சமையலில் உப்பை இப்போது கரண்டியால் அளந்து போடுகிறேன், பார்த்துச் சொல்வது வீட்டுக்காரர். அவருடைய நாக்குக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

கஷ்டமான பகுதி கல்லூரியில்தான். அங்கே நான் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். 75 சதவீத வருகை வேண்டும், குறைந்தால் மருத்துவச் சான்று வேண்டும். மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் பெண் எந்த மருத்துவரிடம் போய் எந்தச் சான்றை வாங்குவாள்? ஒற்றைத் தலைவலிக்கு என்ன சான்று? ‘மேம், முடியல’ என்று ஒருத்தி வந்து நிற்கும்போது அவள் சொல்லைத் தவிர என் முன்னால் வேறொன்றும் இல்லை. நான் நம்புகிறேன். நம்பியதில் ஏமாந்ததும் உண்டு. வயிற்றுவலி என்று போனவள் மாலையில் சினிமா தியேட்டர் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். துறையில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “எல்லாத்தையும் நம்பினா எல்லாரும் ஏமாத்துவாங்க. உண்மையான பிள்ளைகளுக்கும் மதிப்பில்லாமப் போகும்.” அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பொய் பெருகினால் உண்மைக்கும் விலை இறங்கும்.

ஆனால் இரண்டு நஷ்டத்தையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். பொய்யை நம்பினால் எனக்குப் போவது ஒரு வகுப்பு வருகைப்பதிவு, கொஞ்சம் கௌரவம். உண்மையை நம்பாவிட்டால் அவளுக்குப் போவது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தமுறை அவள் சொல்ல மாட்டாள். அதற்கடுத்த முறை தனக்கே சொல்லிக்கொள்ள மாட்டாள். இரண்டு நஷ்டமும் ஒரே ஆள்மேல் விழுவதில்லை என்பதைத்தான் சான்றிதழ் விதியை எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வலியை நிரூபிக்கும் செலவு எப்போதும் வலிப்பவள் தலையில். நான் அதில் கொஞ்சத்தை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். கல்லூரிக்கு முழு நேரமும் இது சாத்தியமா, 60 பேர் உள்ள வகுப்பில் பரீட்சை நாளன்று என்ன செய்வது என்றெல்லாம் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. சினிமா தியேட்டர் வாசலில் நின்றவள் அடுத்த வாரம் வந்து, “அன்னைக்கு காலையில நெசமாவே வலிச்சுது மேம், சாயங்காலம் போயிட்டு” என்றாள். வந்து போகிற வலியைப் பற்றி என்னிடமே சொல்கிறாள். அதையும் நம்பினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரம் இடப்பக்கம் வீங்கியிருக்கிறது. வழக்கமாக ஐந்தாம் நாள் வடிந்துவிடும். இன்று ஒன்பதாம் நாள். தொட்டால் முன்பைவிடக் கட்டியாக இருக்கிறது, வலி குறைவு. வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். அத்தை தானாக வந்து தவிட்டு ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்கேனுக்குச் செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறினால் திருவனந்தபுரத்தில் பத்து மணிக்குள் உள்ளே போய்விடலாம். திங்கட்கிழமை இரண்டாமாண்டு மாணவிகளுக்கு வெறியாட்டுப் பாடல்கள். பாதியில் நிறுத்தியிருக்கிறேன், வேலன் கழங்கை எடுக்கிற இடத்தில்.